பேர் அப்புறம் சொல்லுதேன்

ஜூலை 8, செவ்வாய்

காலையில பால் காய்ச்சி இறக்குறதுக்குள்ள மெட்ராஸ்லேருந்து ஒரு போன். ஏதோ ஒரு பொண்ணு. "குற்றாலலிங்கம் சார் இருக்காங்களா?"ன்னு கேட்டா. ஆறு மாசமா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாக்குக்கே பழகிப்போச்சு. கேஸ்காரன், பேங்க்காரன், பழைய ஆபீஸ் ஆளுங்க, எல்லாருக்கும் ஒரே பதில்தான். "தை மாசம் தவறிட்டாங்க. நான் அவங்க வீட்டுக்காரி பேசுதேன்."

அந்தப் பொண்ணு பதறிட்டா. அப்புறம், "மன்னிச்சிருங்கம்மா, எங்களுக்குத் தெரியாது. சார் நவம்பர்ல மதேராவுக்கு ரெண்டு இடம் பதிஞ்சு வச்சிருக்காங்க"ன்னா.

மதேரான்னா ஊரா, ஆஸ்பத்திரியா, ஒண்ணும் தெரியல. கேட்டேன். போர்ச்சுகல்காரனோட தீவாம். நட்டக் கடல்ல பெரிய மலையாம். அந்த மலையைச் சுத்தி அந்தக் காலத்துலேயே வாய்க்கால் வெட்டி வச்சிருக்கானாம். அந்த வாய்க்கால் கரையிலேயே ஒரு வாரம் நடக்கணுமாம். "நடந்து எங்க போய்ச் சேரணும்?"னு கேட்டேன். "எங்கேயும் இல்லம்மா, நடக்கிறதுதான் டூர்"னு சொல்லுதா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து சர்வீஸ் முழுக்க எத்தனையோ கோட்டிக்காரப் பேச்செல்லாம் கேட்டிருக்கேன். இப்படி ஒண்ணு கேட்டதில்ல.

சரி, அவுக பொதுப்பணித்துறையில வாய்க்காலும் மடையுமா அலைஞ்ச மனுஷன். ரிட்டயர் ஆன பிறகும் எங்கயாவது கல்யாணத்துக்குப் போனா, பந்திக்குப் போகாம அந்த ஊர்க் கால்வாயைப் போய்ப் பாத்துட்டு வருவாங்க. அதனால வாய்க்கால் பாக்கக் கடல் தாண்டிப் போக நினைச்சாங்கன்னா எனக்கு ஆச்சரியம் இல்ல. ரெண்டு இடம்னா, அது என்ன? "இன்னொரு ஆள் யாரும்மா?"ன்னு கேட்டேன்.

"பேர் குடுக்கலம்மா. நாங்க எத்தனையோ தடவை கேட்டோம். 'பேர் அப்புறம் சொல்லுதேன்'னு உங்க ஊர்ப் பேச்சுல சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. ஆகஸ்ட் கடைசிக்குள்ள பேரும் பாஸ்போர்ட்டும் வந்தாத்தான் விசாவுக்குப் போட முடியும். இல்லன்னா ரெண்டு இடத்தையும் விட்டுரணும்."

யோசிச்சுச் சொல்லுதேன்னு வச்சுட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு கிடந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல இந்த மனுஷன்.

ஜூலை 9

தூக்கமே இல்ல. எந்திரிச்சு துணி துவைச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். புறவாசல்ல சும்மா கிடந்த கொடியை அவுத்து, மொட்டை மாடியில கொண்டு போய்க் கட்டினது அவுகதான், போன ஐப்பசியில. மேல நல்ல வெயில் அடிக்குமாம். கட்டிப் போட்டுட்டு அவுக போயிட்டாங்க. ரெண்டு சேலை காயப்போட நான் மூச்சுப்பிடிச்சு ஏறிக்கிட்டுக் கெடக்கேன்.

ஜூலை 11, வெள்ளி

பரண்ல தேடினேன். எதைத் தேடினேன்னு கேட்டா எனக்கே தெரியாது. கொலுப்பெட்டிக்குப் பின்னால சாக்கு போட்டு மூடி ரெண்டு அட்டைப்பெட்டி இருந்துச்சு. ஒண்ணுல ஆம்பளை ஷூ, ஒன்பதாம் நம்பர். அது அவுகளுக்கு. இன்னொண்ணுல பொம்பளை ஷூ. தவிட்டு நிறம், கத்தரிப்பூ நிறத்துல கயிறு, அடியில டிராக்டர் டயர் மாதிரி பல்லு பல்லா இருக்கு. ரெண்டும் புத்தம் புதுசு.

கதவைச் சாத்திட்டு அந்தப் பொம்பளை ஷூவுக்குள்ள காலை விட்டுப் பார்த்தேன். பிறந்ததுலேருந்து ஷூ போட்டதில்ல நான். பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலு, ஆபீசுக்குச் செருப்பு. கால் உள்ள போச்சு, சரி. எந்திரிச்சு நடந்தா குதிகால் தனியா மேல வருது, ஷூ தனியாத் தரையில கெடக்கு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு.

என் கால் ஆறு. இது அவுகளுக்குத் தெரியாத விஷயமா? கார்த்திகையில என் பழைய செருப்புல ஒத்தையைத் தெருநாய் தூக்கிட்டுப் போயிருச்சு. புதுசு வாங்கப் போனப்ப கடைக்காரன்கிட்ட "ஆறாம் நம்பர் காட்டுங்க"ன்னு சொன்னதே அவுகதான். நான் வாயே திறக்கல.

அப்ப இது எனக்கு வாங்கினதில்ல. வேற யாருக்கோ. எழுதவே கை கூசுது, ஆனா எழுதிட்டேன்.

ஜூலை 12

காலையில, அவுக தினம் நடக்கப் போன மைதானத்துக்குப் போனேன். அவுககூட நடக்குற கூட்டம் பூரா அங்கதான் சுத்திச்சு. நாலஞ்சு பொம்பளைங்களும் உண்டு. எல்லாரும் வந்து கையைப் பிடிச்சுத் துக்கம் விசாரிச்சாங்க. நான் அவங்க முகத்தைப் பாக்கவே இல்ல. குனிஞ்சு குனிஞ்சு காலைத்தான் பார்த்தேன். பாவம், அழுறேன்னு நினைச்சுக்கிட்டு ஒரு டீச்சரம்மா என் முதுகைத் தடவிக் குடுத்தா. அந்தம்மாவுக்கு என்னைவிடச் சின்னக் காலு.

எனக்குக் கோட்டிதான் பிடிக்கப்போகுது.

ஜூலை 13, ஞாயிறு

சிவகாமி வந்திருந்தா. என் நாத்தனார், அவுகளுக்கு ஒரே தங்கச்சி. வீடு பெருமாள்புரத்துலதான், ஞாயித்துக்கிழமைன்னா இங்க சாப்பிட வந்திருவா. சொதி வச்சிருந்தேன். சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு வந்தவ, நான் மூடி வைக்க மறந்த பெட்டியைப் பார்த்துட்டா. எல்லாத்தையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. போன் வந்தது, தீவு, வாய்க்கால், பேர் சொல்லாத ரெண்டாவது ஆள்.

அவ ஷூவை எடுத்துக் காலில மாட்டினா. பொருந்திருச்சு. கயிறைக் கட்டிக்கிட்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தா. "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே மதினி"ன்னு சொல்லிக்கிட்டே உக்காந்து அழுதுட்டா.

"சின்னப் பிள்ளையில குற்றாலத்துல மேல அருவிக்கு என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவான் அண்ணன். பெரியவனானதும் உன்னை இதைவிடப் பெரிய மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்டிம்பான். நான் மறந்தே போனேன். அவன் மறக்கல பாருங்க."

"உங்கிட்ட இதைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல மதினி. ஒரு வார்த்தை சொல்லல. அதான் எனக்கும் புரியல."

நான் சிரிச்சுக்கிட்டே, "பெறகென்ன, உனக்குத்தான். கொண்டு போ"ன்னு பெட்டியையும் சேத்துக் குடுத்தேன். குடுத்துட்டு உள்ள போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். கூடப் பிறந்தவளைக் கூட்டிட்டுப் போக நினைச்சதுல தப்பு என்ன இருக்கு? ஒரு தப்பும் இல்ல. ஆனா இத்தனை வருஷம் கூட இருந்தவகிட்ட ஒரு பேச்சுக்காவது, நீயும் வாரியான்னு கேட்டிருக்கலாம். பொறாமைதான். பொறாமைன்னே எழுதிக்கிடுதேன், இதை யார் படிக்கப் போறா.

ஜூலை 17

இன்னைக்கு ஆடி ஒண்ணு. பாயசம் வைக்கல, ஒண்ணும் செய்யல. இந்த வருஷம் நமக்கு எந்த விசேஷமும் கிடையாது.

புனேயிலேருந்து மகன் குமரகுரு போன் பண்ணினான். அத்தைக்காரி அவன்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கா. "வேண்டாம்னு சொல்லிருங்கம்மா. உங்க முழங்காலுக்கு மலையெல்லாம் ஆகுமா?"ன்னான். எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. நான் போறேன்னு எப்பச் சொன்னேன்? என் முழங்காலைப் பத்தி என்னைத் தவிர எல்லாரும் பேசுதாங்க.

"எனக்கென்ன வந்துச்சு, உங்கப்பா உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போக நினைச்சிருக்காங்க. அவளுக்குத்தான் பாஸ்போர்ட் எடுக்கணும். எங்கிட்டதான் இருக்கே, புதுசா."

"உங்ககிட்ட எப்படிப் புதுசா இருக்கு?"

"அப்பாதான் போன புரட்டாசியில புதுப்பிச்சு வச்சாங்க. எதுக்குன்னு கேட்டதுக்கு, ரேஷன் கார்டு மாதிரி வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்னாங்க. வரிசையில நிக்க வச்சு என் காலை ஒடிச்சாங்க அன்னைக்கு."

"அப்பாவா புதுப்பிச்சாங்க?"ன்னு திரும்பக் கேட்டான். ஆமான்னேன். "அத்தைக்கு எடுக்கலியா?"ன்னான். இல்லன்னேன். "நீங்களே யோசிங்கம்மா. நான் வேண்டாம்னு சொன்னதை விட்டுருங்க"ன்னு வச்சுட்டான். குரல் ஒரு மாதிரி அடைச்சுக் கிடந்துச்சு. அங்க மழை, சளி பிடிச்சிருக்கும்.

ஜூலை 20

அம்பாசமுத்திரத்துலேருந்து பெரியத்தான், அதாவது அவுக அண்ணன், காலையிலேயே போன். செய்தி அங்கயும் போயிருச்சு. சிவகாமி வாயை எதை வச்சு அடைக்க.

"மங்கை, வருஷம் திரும்பாம மலை ஏறக்கூடாது. தலைத்திவசம் முடியட்டும். பங்காளி வீட்டுல நாங்களே பொதிகை மலைக் கோயில் பக்கம் தலைவச்சுப் படுக்கல. நீ கடல் தாண்டி மலை ஏறப் போறேங்கிறே."

"நான் போகல அத்தான். சிவகாமிதான்."

"அவளுக்கு ஒண்ணுமில்ல. கட்டிக்குடுத்த பொண்ணு. அவளுக்குத் தீட்டு மூணு நாளோட தீர்ந்துச்சு."

சரிதானே. ஷூவும் அவளுக்குப் பொருந்துது, சாஸ்திரமும் அவளுக்குப் பொருந்துது. எல்லாம் ஒரு கணக்காத்தான் வருது. எனக்குத்தான் மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.

சாயங்காலம் சிவகாமிகிட்ட இதைச் சொன்னா அவ சண்டைக்கு வந்துட்டா. "மலைமேல இருக்கிற கோயிலுக்குப் போகக்கூடாதுன்னுதான் பெரியவங்க சொல்லுவாங்க. அங்க கோயில் எங்க இருக்கு, வாய்க்கால்தானே இருக்கு? வாய்க்கால் கரையில நடக்கக்கூடாதுன்னு எந்தப் பெரியவங்க சொன்னாங்க? நான் மட்டும் போய் அந்த ஊர்ல யார்கிட்டப் பேச? நீங்களும் வரணும் மதினி."

"ஷூ ஒண்ணுதான் இருக்கு, உனக்கு"ன்னேன். அவளுக்குப் புரியல. எனக்குள்ள என்ன இருக்குன்னு அவளுக்கு எப்படிப் புரியும்.

ஜூலை 26, சனி

தனியா நடக்க பயமா இருக்குன்னு சிவகாமி என்னைத் துணைக்கு இழுத்துட்டுப் போனா. ஊருக்கு வெளியே கால்வாய்க்கரை. தண்ணி விட்டிருக்காங்க, கரை நெடுக நாணல். அவ கீழ ஷூ, மேல சேலை, தோள்ல ஒரு பை. அந்த வழியா வந்த ஆட்டுக்காரர் ஒருத்தர் ஆட்டை நிறுத்திட்டு அவளைப் பார்த்தாரு. நான் எப்பவும்போலச் செருப்பு.

முதல் மடைக்கு வர்றதுக்குள்ள அவளுக்கு இரைக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. இதுவும் எனக்குப் புரியாத விஷயங்கள்ல ஒண்ணு. என்னைவிட அவ சின்னவ.

"எப்படி மதினி இப்படி நடக்கீங்க?"ன்னா.

எல்லாம் அவுக புண்ணியம்தான். போன ஐப்பசியில ஸ்கூட்டர் கெட்டுப்போச்சு. எத்தனை தடவை சொன்னேன், ஒரு மெக்கானிக்கிட்டத் தள்ளிட்டுப் போங்கன்னு. போகவே இல்ல. மார்க்கெட்டுக்கு என்னை நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க. அதுலேயும் நேர் வழியில போக மாட்டாங்க. இங்க ரோட்டைத் தோண்டியிருக்கான், அங்க மாடு கட்டியிருக்கான்னு ஊரைச் சுத்தித்தான் போவாங்க. நான் வழி நெடுக ஏசிக்கிட்டே போவேன். போய்ச் சேந்ததும் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்து என் வாயை அடைப்பாங்க.

இதைச் சொல்லி முடிச்சதும், காலைப் பார்த்து நடன்னு அவளை விரட்டினேன்.

ஆகஸ்ட் 4

மழைத் தூறல். நடக்கப் போகல. போகாததுக்கு எனக்கு ஏன் எரிச்சல் வருதுன்னு தெரியல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிச்சாண்டி அண்ணன் வந்தாங்க, சிவகாமி வீட்டுக்காரர். தூசி படிஞ்சு நிக்கிற ஸ்கூட்டரை நீங்களே வச்சுக்கிடுங்கன்னு நான்தான் சொல்லி விட்டிருந்தேன். மெக்கானிக் கடைக்குத் தள்ளிட்டுப் போகத் தயாரா வந்தவங்க, எதுக்கும் பார்ப்போம்னு குனிஞ்சு பக்கத்து மூடியைக் கழட்டினாங்க.

"தங்கச்சி, இங்க வந்து பாருங்க. இதுக்கு ஒண்ணும் இல்ல. பிளக்குல மாட்டுற மூடியை யாரோ கையால உருவி வச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

மாட்டினாங்க. கொஞ்சம் உதைச்சாங்க. ஒரு பெரிய இருமல் இருமிட்டு, புகையைக் கக்கிக்கிட்டு வண்டி ஓட ஆரம்பிச்சிருச்சு.

நான் வாசப்படியில அப்படியே உக்காந்துட்டேன். ஒவ்வொரு தடவை மார்க்கெட் போகும்போதும் அவுக என்னை முன்னால நிக்க வச்சு, வேர்க்க விறுவிறுக்க இந்த வண்டியை உதைச்சுக் காட்டுவாங்க. "பாரு மங்கை, எடுக்க மாட்டேங்குது. வா, நடந்துருவோம்." நானும் நம்பி, ஐயோ பாவம், விடுங்கன்னுவேன்.

அப்ப எதுக்கு எங்கிட்டப் பொய் சொன்னாங்க? வேற எங்கயாவது போறதுக்கு வண்டியை எடுத்துட்டு, எனக்குன்னு வரும்போது மட்டும் கெட்டுப்போச்சுன்னாங்களா? என்னை வண்டியில ஏத்த இஷ்டம் இல்லியா? யோசிச்சா யோசிச்ச இடத்துலேயே நிக்குது.

சீட்டுக்கு அடியில இருக்கிற பெட்டியைத் திறக்க முடியல, பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. பிறகு பாத்துக்கிடலாம்னு அண்ணன் வண்டியை எடுத்துட்டுப் போனாங்க. போகும்போது, "கொடியை வேணும்னா திரும்பப் புறவாசல்லேயே கட்டித் தரட்டுமா, எதுக்கு ஏறி இறங்கிக்கிட்டு"ன்னு கேட்டாங்க. அடுத்த வாரம் கட்டுங்கன்னேன்.

ஆகஸ்ட் 12

போட்டோவைத் துடைச்சுக்கிட்டே, ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டேன். சிரிச்ச முகமா எடுத்த போட்டோ. அதுவே எனக்கு இன்னைக்கு ஆத்திரமா வந்துச்சு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முடிவு பண்ணிட்டேன். சிவகாமியும் பிச்சாண்டி அண்ணனும் போகட்டும். புருஷன் பொண்டாட்டியாப் போனா துணைக்குத் துணை. சிவகாமிக்கு அவசரமாப் பாஸ்போர்ட் எடுத்தப்பவே அண்ணனுக்கும் சேத்து எடுத்தாச்சு. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் செஞ்சு குடுத்து விடுவோம்னு பருப்பை வறுத்துக்கிட்டு இருந்தேன், அந்த ஊர்ல என்னத்தைச் சாப்பிடுவாங்களோ.

சிவகாமி வந்தா. முடிவைச் சொன்னேன். கையில இருந்த முறத்தைப் பிடுங்கிக் கீழ வச்சுட்டா.

"இவுகளுக்குப் படி ஏறினாலே மூச்சு முட்டும், மலைக்கு எங்க வர? நான் உங்ககூடப் போறதுக்குத்தான் பாஸ்போர்ட் எடுத்தேன். நீங்க வராம எனக்கு என்ன வேலை அங்க?"

"வருஷம் திரும்பலியே."

"அதுவா காரணம்? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

நான் பருப்பு கருகுதுன்னு அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டேன். அது காரணம் இல்ல. அவுக என்னைக் கூப்பிடல, அதான் காரணம். கூப்பிடாத இடத்துக்குப் போய்ப் பழக்கம் இல்ல எனக்கு. உசிரோட இருந்தா முகத்துக்கு நேராக் கேட்டிருப்பேன், ஏன் என்னைக் கூப்பிடலன்னு. இப்ப யார்கிட்டப் போய்க் கேக்க.

பருப்பு நிஜமாவே கருகிப்போச்சு.

ஆகஸ்ட் 19

மெட்ராஸ் பொண்ணு திரும்பப் போன் பண்ணினா. அடுத்த வாரம் கண்டிப்பாச் சொல்லணுமாம். சிவகாமியும் அவகிட்டத் தனியாப் பேசியிருக்கா. என்ன எடுத்துட்டு வரணும், எப்படி நடக்கணும்னு எல்லாம் கேட்டுக்கிட்டாளாம். கம்பளிக் காலுறைக்குச் சொல்லி வச்சிருக்காளாம். ஆசைதான் அவளுக்கு. போகட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்னைக்கு நடந்ததை முழுசா எழுதிடணும்.

மத்தியானம் வெயில் தாழவும் சிவகாமி வந்து, இதுதான் கடைசித் தடவை, பாலம் வரைக்கும் போயிட்டு வந்திருவோம், அதுக்குப் பிறகு உங்களைக் கூப்பிடவே மாட்டேன்னா. அவ இன்னைக்கு அந்தக் கம்பளிக் காலுறையை மாட்டி ஷூவைப் போட்டிருந்தா. நல்ல தடிமன், குளிர்காலப் போர்வையில வெட்டி எடுத்த மாதிரி. கால்வாயில தண்ணி கரை தொட்டு ஓடுது. போகும்போது சரியாத்தான் நடந்தா. பாலத்தைத் தொட்டுட்டுத் திரும்பும்போது ஒரு காலை இழுத்து இழுத்து வச்சா. அப்புறம் ரெண்டு காலையும். பெரிய மடை வந்ததும் படிக்கட்டுல உக்காந்துட்டா.

"முடியல மதினி. விரலெல்லாம் நசுங்குது."

ஷூவைக் கழட்டினா, கட்டைவிரல் ரெண்டும் செக்கச்செவேல்னு கன்றிப்போய் இருந்துச்சு. "முன்னல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"அப்ப வெறுங்காலோட போட்டேன், கொஞ்ச தூரம் நடந்தேன். அந்தப் பொண்ணு போன்லேயே கேட்டா, ஷூ உங்க நம்பரைவிட ஒரு நம்பர் கூட வாங்கியிருக்கீங்களான்னு. தடிமனான காலுறை போடணுமாம், நாள் பூரா நடந்தா கால் வீங்குமாம், அதனால எப்பவும் ஒரு நம்பர் பெருசாத்தான் வாங்கணுமாம். சாரும் இதையெல்லாம் ஒண்ணுவிடாம விசாரிச்சாங்கன்னா. நான்தான், எனக்குக் கச்சிதமா இருக்குன்னு பெருமையாச் சொல்லிட்டேன். என் கால் ஏழு. நான் எட்டு போடணும்."

தண்ணி மடையில விழுற சத்தம்தான் கேட்டுச்சு. ஏழுக்கு எட்டுன்னா, ஆறுக்கு?

பிச்சாண்டி அண்ணனுக்குப் போன் பண்ணி ஸ்கூட்டரைக் கொண்டு வரச் சொன்னா. அண்ணன் வந்தாங்க. சிவகாமி காலுக்குத் தண்ணி ஊத்தணும்னு, பாட்டில் எடுக்க சீட்டைத் தூக்கினாங்க. "நேத்துதான் பூட்டை உடைச்சு மாத்தினேன். உள்ள ஒண்ணு கெடந்துச்சு, உங்களுதான்னு கேக்கணும்னு நினைச்சேன்"னு ஒரு காகிதப் பொட்டலத்தை எங்கிட்ட நீட்டினாங்க.

பிரிச்சுப் பார்த்தா ஒத்தைச் செருப்பு. வலது காலு. என்னோடதுதான். வெளிப்பக்கம் தேஞ்சு, வார் கிட்ட நானே கறுப்பு நூல் போட்டுத் தச்சது. தெருநாய் தூக்கிட்டுப் போச்சுன்னு தெரு முழுக்க நான் தேடின செருப்பு. அவுகளும் கூட வந்து தேடினாங்க. எல்லா வீட்டு வாசல்லேயும் குனிஞ்சு குனிஞ்சு தேடினாங்க.

"அளவுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான் அண்ணன்"னு சிவகாமி சொன்னா. மெதுவாத்தான் சொன்னா.

அவ காலுலேருந்து காலுறையைக் கழட்டி எங்கிட்டக் குடுத்தா. ஈரமா, சூடா இருந்துச்சு. என் காலும் நடந்து நடந்து வீங்கித்தான் கிடந்துச்சு. காலுறையைப் போட்டேன். ஷூவுக்குள்ள காலை விட்டேன். அவ கீழ உக்காந்து கயிறைக் கட்டி விட்டா. எந்திரிச்சு நின்னேன். குதிகால் அசையல. விரலுக்கு முன்னால இம்புட்டு இடம் இருந்துச்சு, நசுங்கல. கரையில நடந்தேன். திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன்.

"மதினி, வண்டியில பிளக்கு மூடியை உருவி வச்சிட்டு உங்களை மார்க்கெட்டுக்கு நடத்தினது"ன்னு ஆரம்பிச்சா.

"தெரியுது"ன்னேன்.

"கொடியை மாடியில கட்டினது."

"தெரியுது. சும்மா இரு."

அவுக ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியும். முழங்கால்னு சொல்லியிருப்பேன். வீட்டை யார் பாக்கன்னு சொல்லியிருப்பேன். நடக்குறதுக்கு எவனாவது கப்பலேறிப் போவானா, உங்களுக்குக் கோட்டியான்னு கேட்டிருப்பேன். அதான் வாயைத் திறக்காம, முதல்ல என்னை நடக்க வச்சுட்டு, இவளால முடியும்னு தெரிஞ்ச பிறகு சொல்லலாம்னு இருந்திருக்காங்க. பேர் அப்புறம் சொல்லுதேன், பேர் அப்புறம் சொல்லுதேன்னு அந்தப் பொண்ணுகிட்ட. கள்ள மனுஷன். எனக்குத் தெரியாம ஒரு குண்டூசி வாங்க மாட்டாங்கன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான்.

கரையிலேயே உக்காந்து அழுதேன். தை மாசம்கூட நான் இப்படி அழல. அன்னைக்கு ஆளுங்களுக்குக் காப்பி போடுறதுலேயே பொழுது போச்சு. பிச்சாண்டி அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்னு தண்ணியைப் பார்த்தாங்க.

கொஞ்சம் ஓய்ஞ்ச பிறகுதான் சிவகாமி ஞாபகம் வந்துச்சு. அவ அண்ணன் அவளுக்குன்னு வாங்கினதா நினைச்சு ஒரு மாசமா இந்த ஷூவைத் தொடச்சுத் தொடச்சு வச்சிருந்தவ. அவ முகத்தைப் பார்த்தேன். கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு.

"உனக்கில்லன்னு ஆயிருச்சே"ன்னேன்.

"அது கிடக்கட்டும், விடுங்க மதினி. அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனது போதும். நான் எட்டாம் நம்பர் வாங்கிக்கிடுதேன்."

அவ ஸ்கூட்டர்ல வெறுங்காலோட பின்னால உக்காந்து போனா. அண்ணன் என்னையும் பிறகு வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க. வேண்டாம்னு நடந்தே வீட்டுக்கு வந்தேன். நேர் வழியில வரல. மார்க்கெட்டைச் சுத்தி, அவுக கூட்டிட்டுப் போற வழியிலேயே வந்தேன். எந்த இடத்துலேயும் ரோட்டைத் தோண்டியிருக்கல.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெரியத்தானுக்கு நானே போன் போட்டேன். "அத்தான், நான் போறேன். மலைக்கோயிலுக்கு இல்ல, வாய்க்கால் பாக்க. அவுக வேலை பாத்த மாதிரி நினைச்சுக்கிடுங்க. தலைத்திவசத்துக்கு முன்னால வந்திருவேன்."

ஏசப் போறாங்கன்னு காத்திருந்தேன். "அங்க மடை எப்படி வச்சிருக்கான்னு பார்த்துட்டு வந்து சொல்லு. தம்பி இருந்தா சொல்லியிருப்பான்"னுட்டு வச்சுட்டாங்க.

குமரகுருகிட்டச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்மா, பாஸ்போர்ட்னு சொன்னதுமே"ன்னான். தெரிஞ்சவன் அன்னைக்கே வாயைத் திறந்து சொன்னா என்னன்னு ஏசினேன். "அப்பா சொல்ல வேண்டியதை நான் எப்படிம்மா சொல்ல"ன்னான். அப்பனும் மகனும் ஒண்ணு.

அப்புறம் மெட்ராஸுக்குப் போட்டேன். அந்தப் பொண்ணே எடுத்தா.

"சொல்லுங்கம்மா. யாரெல்லாம் வர்றீங்க?"

"சார் இடத்துல அவுக தங்கச்சி வருவா. சிவகாமின்னு போட்டுக்கோ."

"சரிம்மா. அந்த ரெண்டாவது பேர்?"

சர்வீஸ் பூரா நம்பரைக் கேட்டு அடுத்தவங்களுக்கு இணைச்சுக் குடுத்தவதான் நான். என் பேரை எந்த லைன்லேயும் சொன்னதில்ல. தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டேன்.

"மங்கையர்க்கரசி. மங்கையர்க்கரசி குற்றாலலிங்கம். சார் அப்புறம் சொல்லுதேன்னு சொன்ன பேரு அதுதாம்மா."

அவ எழுதுற சத்தம் கேட்டுச்சு.

சாயங்காலம் பிச்சாண்டி அண்ணன் கயிறும் ஆணியுமா வந்து நிக்காங்க, கொடியைப் புறவாசலுக்கு மாத்துறதுக்கு. இருக்கட்டும் அண்ணே, நவம்பர் வரைக்கும் அது மேலேயே கிடக்கட்டும்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்பி வச்சேன். பிறகு வாளியைத் தூக்கிட்டு மாடிக்குப் போனேன்.